நிறுவியாகிவிட்டது, ஓடவில்லை: எந்த வழியைப் பிடிப்பது?

பொங்கல் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. குரும்பகரத்தில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கல்லூரியில் படிக்கும் தங்கை மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்பாயி பாடும் நடவுப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறாள். மொத்தம் எத்தனை சொல், எது அடிக்கடி வருகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காக ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் தொகுப்பை நிறுவியிருந்தாள். முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் கட்டற்ற மென்பொருளாக உருவாக்கிய தொகுப்பு அது. நிரலுக்குள் அழைத்துப் பயன்படுத்தலாம். டெர்மினலில் நேரடியாக ஓடும் சில சிறு கருவிகளும் கூடவே வரும். தமிழ்ச் சொற்களை எண்ணும் கருவி அவற்றில் ஒன்று.

"அண்ணே, ரெண்டு தடவை போட்டுட்டேன். சக்சஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டுன்னுதான் வருது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா கமாண்ட் நாட் ஃபவுண்ட்ங்குது."

உள்ளே இருந்த சித்தப்பா காதில் இது விழுந்திருக்கிறது. "மேட்டூர்ல தொறந்தாச்சுன்னு பேப்பர்ல போடுவான்மா. நம்ம வாய்க்காலுக்கு வந்துச்சான்னு மதகுல போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

சித்தப்பா கணினியைத் தொட்டவர் இல்லை. ஆனால் விஷயத்தில் பாதியைச் சொல்லிவிட்டார். 2007-ல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு 7 டிஎம்சி என்று எழுதியது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அந்த எண்ணை மாற்றவில்லை. எழுதியிருப்பது 7 என்றாலும், காரைக்கால் கடைமடை. நெடுங்காடு கொம்யூனில் இருக்கும் எங்கள் ஊர் வயலுக்குத் தண்ணீர் வர, நடுவில் எத்தனையோ மதகுகள் திறந்திருக்க வேண்டும். கருவியும் அப்படித்தான். வட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது என்பது ஒரு செய்தி. நீங்கள் கூப்பிட்டால் அது வந்து நிற்கிறதா என்பது வேறு செய்தி. இரண்டாவது நடக்காதபோது நம்மில் பெரும்பாலோர் முதலாவதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம். அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறோம், அதுவும் தோற்றால் சூடோ போட்டு, முழு அதிகாரத்தோடு நிறுவுகிறோம். அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கையை வைக்கும் முன் இரண்டு கேள்விகள் போதும். கருவி எந்த ஃபோல்டரில் போய் இறங்கியது? அந்த ஃபோல்டர் யாருடையது? இவற்றுக்குப் பதில் தெரிந்தால், கீழே சொல்லும் வழிகளில் எது உங்களுக்கு என்பது தானாகத் தெரியும்.

முதலில் திரையைப் படியுங்கள்

ஓடாத கருவி சொல்லும் செய்திகள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. லினக்ஸில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்கூட உண்டு. கட்டளை தோற்ற கையோடு எக்கோ, டாலர், கேள்விக்குறி என்று அடித்தால் அந்த எண் வரும். 127 என்றால் அந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை. 126 என்றால் கிடைத்தது, ஆனால் ஓட்ட முடியவில்லை. பெரும்பாலும் பெர்மிஷன் டினைட். 127-க்கு வழி சரியில்லை என்று அர்த்தம், 126-க்கு உரிமை சரியில்லை என்று அர்த்தம். ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் நோய் தீராது, புதிதாக ஒன்று சேரும்.

வழி என்பது பாத் என்ற பட்டியல். 1979-ல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லில் இருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் ஒரு பெயரை அடித்ததும் ஷெல் அந்தப் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களுக்கு வரிசையாகப் போய்ப் பார்க்கும். முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை ஓட்டும், அதற்கு மேல் தேடாது. தலைமடையில் இருப்பவர் எடுத்தது போகத்தான் அடுத்த மடைக்கு. ஆகவே பட்டியலில் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, எந்த இடத்தில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 'டைப் மைனஸ் ஏ' என்று அடித்துக் கருவியின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரில் எங்கெங்கே என்னென்ன இருக்கின்றன என்று முழுப் பட்டியலும் வரும். பலர் 'விச்' என்ற கட்டளையோடு நின்றுவிடுகிறார்கள். அது முதலில் கிடைப்பதை மட்டுமே காட்டும். ஷெல் தன் நினைவில் வைத்திருப்பதும் அதற்குத் தெரியாது.

ஷெல்லுக்கு நினைவு உண்டு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல அனுபவசாலிகளும் இதில் ஒரு மணி நேரம் தொலைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கருவியை /யூஎஸ்ஆர்/பின் ஃபோல்டரில் ஒருமுறை கண்டுபிடித்து ஓட்டினால், பாஷ் அந்த முகவரியைக் குறித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் அங்கிருந்து நீக்கிவிட்டு வேறு இடத்தில் புதிதாக நிறுவினாலும், அதே ஜன்னலில் அடித்தால் பழைய வீட்டுக் கதவைத்தான் போய்த் தட்டும். நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி என்று திரும்பி வரும். 'ஹேஷ் மைனஸ் ஆர்' என்று ஒரு வரி அடித்தால் குறிப்பு அழிந்துவிடும். இசட் ஷெல் என்றால் 'ரீஹேஷ்'. ஒன்றும் நினைவில்லை என்றால் டெர்மினலை மூடித் திறங்கள்.

அதே நோ சச் ஃபைல் செய்தி வேறு காரணத்துக்கும் வரும். கோப்பு கண்ணெதிரே இருக்கும், பட்டியலிலும் இருக்கும், ஆனாலும் இல்லை என்று சொல்லும். அப்போது இல்லாதது அந்தக் கோப்பின் முதல் வரியில் குறிப்பிட்டிருக்கும் மொழிபெயர்ப்பி, அதாவது பைத்தானோ நோடோ. விண்டோஸில் சேமித்த கோப்பை லினக்ஸில் ஓட்டினால் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வரும், அதனாலும் இது நேரும். லினக்ஸ் பதிப்பை உயர்த்தியபின் நேற்றுவரை ஓடிய பைத்தான் கருவிகளெல்லாம் ஒரே நாளில் படுத்துவிட்டால், பழைய பைத்தான் போய்விட்டது என்று பொருள்.

பெயர்க் குழப்பம் இன்னொரு வகை. டெபியனில் நோட் என்ற பெயரில் ஏற்கெனவே அமெச்சூர் ரேடியோக்காரர்களின் நிரல் ஒன்று இருந்தது. அதனால் நோட்ஜேஎஸ் பல ஆண்டுகள் நோட் என்ற தன் வழக்கமான பெயரில் ஓட முடியாமல், நோட்ஜேஎஸ் என்ற முழுப் பெயரிலேயே கிடந்தது. நோட் என்று கூப்பிட்ட கருவிகளெல்லாம் விழுந்தன. உபுண்டுவில் நோட் தொகுப்புகளை நிறுவும் யார்ன் இல்லாதபோது யார்ன் என்று அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 'சிஎம்டிடெஸ்ட் தொகுப்பை நிறுவினால் கிடைக்கும்' என்று திரையே யோசனை சொல்லும். சொன்னபடி நிறுவினால் ஓடும், ஆனால் 'சினாரியோ எதுவும் இல்லை' என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லும். அது வேறு யார்ன். திரை சொல்லும் யோசனையை அப்படியே ஏற்காதீர்கள்.

இப்போது தேர்வு

தங்கையின் கணினியில் உபுண்டு 22.04. திரையை மேலே நகர்த்திப் பார்த்தோம். சக்சஸ்ஃபுல்லி என்ற வரிக்குச் சற்று மேலே மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது: கருவி ~/.லோக்கல்/பின் ஃபோல்டரில் போடப்பட்டுள்ளது, அந்த ஃபோல்டர் பாத் பட்டியலில் இல்லை. வேண்டியதெல்லாம் அந்த வரியிலேயே இருந்தது. மஞ்சள் எழுத்து நிறைய வருவதால் நாம் படிப்பதை விட்டுவிட்டோம்.

ஏன் இல்லை என்பது சுவையான விஷயம். உபுண்டு, டெபியன் இரண்டிலும் வீட்டு ஃபோல்டரில் ப்ரொஃபைல் என்ற கோப்பு உண்டு. நீங்கள் உள்நுழையும்போது அது ஓடும். ~/.லோக்கல்/பின் என்ற ஃபோல்டர் அந்த நேரத்தில் இருந்தால் மட்டும் அதைப் பட்டியலில் சேர்க்கும். அவள் காலையில் உள்நுழைந்தபோது அந்த ஃபோல்டரே கிடையாது. முதன்முதலாக நிறுவியபோதுதான் பிறந்தது. எத்தனை டெர்மினலை மூடித் திறந்தாலும் வராது. லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். அவ்வளவுதான்.

இப்படி வழி மட்டும் இல்லாத நேரத்தில் கையில் இருப்பவை மூன்று. முழு முகவரியோடு கூப்பிடலாம். ஒருமுறை ஓட்டிப் பார்க்க இது போதும். கருவி நிஜமாகவே நன்றாக இருக்கிறதா, வழிதான் கோளாறா என்று பிரித்தறியவும் இதைவிட எளிய சோதனை இல்லை. பைத்தான் 3 மைனஸ் எம் என்று போட்டு அதன் பின் மாட்யூல் பெயரைக் கொடுக்கலாம். பல பைத்தான் கருவிகள் இப்படி பாத் இல்லாமலே ஓடும். மூன்றாவது, ப்ரொஃபைல் கோப்பிலோ பாஷ்ஆர்சி கோப்பிலோ ஃபோல்டரை எழுதிச் சேர்ப்பது. தினமும் பயன்படுத்தும் கருவி என்றால் மூன்றாவதுதான். செய்யக் கூடாத நான்காவது ஒன்றும் இருக்கிறது: கருவியை எடுத்து /யூஎஸ்ஆர்/பின் ஃபோல்டரில் நகலெடுத்துப் போடுவது. இன்று ஓடும். ஆறு மாதம் கழித்துப் புதுப் பதிப்பு நிறுவுவீர்கள், பழைய நகல் முன்னால் நின்று பதில் சொல்லக்கூடும்.

இனி, எங்கே நிறுவுவது. பல கோளாறுகளை இந்தத் தேர்விலேயே தவிர்த்துவிடலாம்.

ஏப்டி போன்ற இயங்குதளத்தின் சொந்த வழியை எடுத்துக்கொள்வோம். மதகு திறந்தே இருக்கும் வழி இது; நிறுவினால் பாத் சிக்கல் வராது, தேவையான நூலகங்களும் சேர்ந்தே வரும். தமிழ் எழுத்துணரிக்கு டெசராக்ட் போடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அதில் இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். பைடெசராக்ட்டைப் பைத்தான் நிறுவியான பிப் வழியாக நிறுவிவிட்டு, டெசராக்ட்டே வந்துவிட்டதாக நினைப்பது ஒன்று. பைடெசராக்ட் ஒரு கைப்பிடிதான், கத்தியைத் தனியாக வாங்க வேண்டும். டெசராக்ட் நிறுவப்படவில்லை அல்லது பாத்தில் இல்லை என்று அது சொல்லும்போது 'அல்லது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பாத்தை நோண்டுவார்கள், கருவியே இருக்காது. இரண்டாவது, டெசராக்ட்டை நிறுவித் தமிழ்த் தரவை விட்டுவிடுவது. ஏப்டியில் அது தனித் தொகுப்பு, பெயரின் கடைசியில் டாம் என்ற மூன்றெழுத்து இருக்கும். பழைய நூல்களை விக்கிமூலத்தில் ஏற்றுகிறவர்களும், 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழைச் சுற்றி வளர்ந்த தன்னார்வலர்களும் எழுத்துணரியை நம்பி இருக்கிறார்கள். அந்த வேலைக்கு வரும் ஒரு மாணவர் இந்த இடத்தில் சலித்துத் திரும்பிப் போனால் இழப்பு தமிழுக்குத்தான்.

ஏப்டியின் குறை, பதிப்பு பழசாக இருக்கும். டெசராக்ட்டுக்கு அது பொருட்டில்லை. காணொளி இறக்கும் ஒய்டி-டிஎல்பி போன்ற கருவிக்கு அது உயிர்ப் பிரச்சினை; தளங்கள் மாறிக்கொண்டே இருக்கும், பழைய பதிப்பு ஓடும், ஆனால் ஒன்றும் இறங்காது. நிலையான கருவிக்கு ஏப்டி. வாரா வாரம் மாறும் கருவிக்கு வேறு வழி.

சூடோ போட்டு நிறுவுவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: பிப்புக்கும், நோட் உலகின் பிப்பான என்பிஎம்முக்கும் சூடோ போடாதீர்கள். 2018 பிப்ரவரியில் என்பிஎம் 5.7.0 பதிப்பில் ஒரு பிழை இருந்தது. சூடோவோடு ஓட்டியவர்களின் கணினிகளில் இயங்குதளக் கோப்புகளின் உரிமையையே அது மாற்றிவிட்டது. சில சர்வர்கள் எழுந்திருக்கவே இல்லை. உடனே 5.7.1 வந்து சரிசெய்தது என்றாலும், அன்று சூடோ போடாதவர்களுக்கு அந்த இழப்பு நேரவில்லை. ஒரு பிழை எவ்வளவு தூரம் பாயலாம் என்பதை நாம் கொடுத்த அதிகாரம்தான் தீர்மானிக்கிறது.

அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் தினசரித் தொல்லை உண்டு. ஒரே ஒருமுறை சூடோ என்பிஎம் ஓட்டினால்கூட உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள் ரூட் பெயரில் கோப்புகள் உருவாகிவிடக்கூடும். அடுத்தமுறை சூடோ இல்லாமல் நிறுவினால் பெர்மிஷன் டினைட். மறுபடி சூடோ. இப்படியே பழகிவிடும். இதிலிருந்து வெளியேற, வீட்டுக்குள் இருக்கும் அந்த என்பிஎம் ஃபோல்டரை மட்டும் சௌன் கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். /யூஎஸ்ஆர் முழுவதையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லும் ஆலோசனை எங்கே தென்பட்டாலும் கேட்காதீர்கள். கணினி உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் /யூஎஸ்ஆர் இயங்குதளத்தின் வீடு.

நானே ஒருமுறை புதிய பைத்தானை நிறுவி, இயங்குதளத்தின் பைத்தான் 3 என்ற பெயர் அதைச் சுட்டும்படி மாற்றினேன். அடுத்து டெர்மினல் ஜன்னலே திறக்கவில்லை. உபுண்டுவின் டெர்மினலும் ஏப்டியின் சில பகுதிகளும் அந்தப் பழைய பைத்தானை நம்பித்தான் இருந்தன. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போய் மீட்டேன். இப்படிப் பலர் பட்டதால்தான் பைத்தான்காரர்கள் பெப் 668 என்ற விதியை எழுதினார்கள். 2023-ல் வந்த டெபியன் 12 முதலும், உபுண்டு 23.04 முதலும் வெறுமனே பிப் இன்ஸ்டால் என்றால் 'இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது' என்று மறுத்துவிடும். தாண்டிப் போக ஒரு சுவிட்ச் உண்டு. அதன் பெயரே பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ். அந்தப் பெயரைப் படித்த பிறகும் அதை அடிக்கச் சொல்லும் வழிகாட்டிகள் இருக்கின்றன என்பது எனக்கு வருத்தம்.

அப்படியானால் பைத்தான் கருவிக்கு எது? பிப்எக்ஸ். இதை விளக்க எங்கள் மாவட்டமே போதும். காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். புதுச்சேரி நகரம் 130 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. ஆனாலும் இங்கே நிர்வாகம் தனி, சட்டமன்றம் புதுச்சேரியில். பக்கத்து ஊர் விதி மாறினால் எங்கள் விதி மாறாது. பிப்எக்ஸ் ஒவ்வொரு கருவிக்கும் இப்படி ஒரு தனித் திட்டு அமைக்கிறது. அதன் நூலகங்கள் அதற்குள்ளேயே இருக்கும். வெளியே தெரிவது ~/.லோக்கல்/பின் ஃபோல்டரில் ஒரு கதவு மட்டும். இரண்டு கருவிகள் ஒரே நூலகத்தின் வேறு வேறு பதிப்புகளைக் கேட்டாலும் சண்டை வராது. பிப்எக்ஸை ஏப்டி வழியாக நிறுவி, ஒருமுறை 'பிப்எக்ஸ் என்ஷூர்பாத்' கொடுத்தால் பாத் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இயங்குதளத்தை உயர்த்திப் பைத்தான் மாறினால் 'பிப்எக்ஸ் ரீஇன்ஸ்டால்-ஆல்' என்ற ஒரே வரி. 2024-ல் வந்த யூவி இதே வேலையை வேகமாகச் செய்கிறது, வேண்டிய பைத்தானையும் தானே இறக்கிக்கொள்கிறது. புதிதாகத் தொடங்குபவர் யூவியை எடுக்கலாம். பிப்எக்ஸில் நிம்மதியாக இருப்பவர் மாற வேண்டியதில்லை.

ஒரு விலை உண்டு. ஒவ்வொரு திட்டுக்கும் வட்டில் இடம் போகும். பழைய கணினியில் 32 ஜிபி மட்டும் இருப்பவர் பத்துக் கருவிகளை இப்படிப் போடும்போது கணக்குப் பார்க்க வேண்டும்.

நோட் பக்கம் போட்டி இரண்டுக்கு நடுவில். என்பிஎம்மின் ப்ரிஃபிக்ஸை வீட்டுக்குள் ஒரு ஃபோல்டருக்கு மாற்றி, அதற்குள் இருக்கும் 'பின்' என்ற ஃபோல்டரை பாத்தில் சேர்ப்பது ஒன்று. என்விஎம் போட்டு நோடையே வீட்டுக்குள் கொண்டுவருவது மற்றொன்று. இரண்டுக்கும் சூடோ வேண்டாம். ஒரே நோட் பதிப்பு போதும், கருவியை ஓட்டினால் சரி என்பவர் முதலாவதை எடுக்கலாம், எளிமை. இரண்டு மூன்று வேலைகளுக்கு வேறு வேறு பதிப்பு வேண்டுமென்றால் என்விஎம். இரண்டையும் கலக்க மட்டும் கூடாது. ப்ரிஃபிக்ஸ் மாற்றியிருந்தால் என்விஎம் ஒத்துவராது என்று அதுவே சொல்லும்.

என்விஎம் எடுப்பவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. மைனஸ் ஜி போட்டு நிறுவிய கருவிகள் அந்த நோட் பதிப்புக்கு மட்டுமே சொந்தம். பதிப்பை மாற்றினால் கருவிகள் காணாமல் போனதுபோல் தெரியும். போகவில்லை, பழைய பதிப்பின் ஃபோல்டரில் இருக்கின்றன. புதிய பதிப்பை நிறுவும்போதே 'பழையதிலிருந்து தொகுப்புகளைக் கொண்டுவா' என்ற சுவிட்ச் கொடுக்கலாம். அதேபோல், என்விஎம் உங்கள் பாஷ்ஆர்சி கோப்பு ஓடினால்தான் உயிர் பெறும். நள்ளிரவில் கிரான் ஓட்டும் வேலைக்கு அது தெரியாது. சூடோவுக்கும் தெரியாது, அது பாதுகாப்புக்காகத் தனக்கென ஒரு பாத் வைத்திருக்கிறது. 'கையால் அடித்தால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை' என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கிரான் வரியில் முழு முகவரியை எழுதுங்கள்.

இணையத்தில் பழைய வழிகாட்டிகள் 'என்பிஎம் பின் மைனஸ் ஜி' அடிக்கச் சொல்லும். என்பிஎம் 9 முதல் அந்தக் கட்டளை இல்லை. 'என்பிஎம் கான்ஃபிக் கெட் ப்ரிஃபிக்ஸ்' என்று கேளுங்கள். லினக்ஸில் விடையோடு '/பின்' சேர்த்துக்கொள்ள வேண்டும், விண்டோஸில் விடையே போதும்.

நிறுவாமலே ஓட்டுவதும் ஒரு தேர்வு. 2017 முதல் என்பிஎம்மோடு என்பிஎக்ஸ் வருகிறது. ஒரு புராஜெக்ட் தொடங்க வருடத்துக்கு இரண்டு முறை தேவைப்படும் கருவியை மைனஸ் ஜி போட்டு வைத்துக்கொள்வதில் பயனில்லை. அடுத்தமுறை எடுக்கும்போது பழசாகியிருக்கும். ஆனால் இங்கே கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை வைத்து வேலை செய்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்: இறக்கியது இருப்பில் இல்லையென்றால் என்பிஎக்ஸுக்கு இணையம் வேண்டும். பெயரில் ஒரு எழுத்து தவறினால் வேறு யாரோ போட்ட தொகுப்பை இறக்கி ஓட்டிவிடும் ஆபத்தும் உண்டு. 'இறக்கவா?' என்று கேட்கும்போது பெயரை ஒருமுறை படியுங்கள்.

ஒரு புராஜெக்ட்டுக்கு மட்டும் தேவையான கருவியை அந்தப் புராஜெக்ட்டுக்குள்ளேயே நிறுவுங்கள். கன்டெய்னர் வைப்பது குழுவாக வேலை செய்பவர்களுக்கு. ஒரு சொல் எண்ணும் கருவிக்காக நூற்றுக்கணக்கான எம்பி இறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விண்டோஸில்

எங்கள் பக்கம் பெரும்பாலான மாணவர்கள் கையில் இருப்பது விண்டோஸ்தான். அங்கே நான்கு இடங்களில் சிக்கும்.

பைத்தான் நிறுவும்போது முதல் பக்கத்திலேயே பாத்தில் சேர்க்கவா என்ற கட்டம் டிக் இல்லாமல் இருக்கும். அதைத் தவறவிட்டுப் பைத்தான் என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். அது ஒரு மாற்றுப்பெயர், அமைப்புகளில் அணைத்துவிடலாம். பை என்ற லாஞ்சர் அதற்குள் சிக்காமல் வேலை செய்யும், 'பை மைனஸ் எம் பிப்' என்று பழகுங்கள். எந்தப் பைத்தானுக்கு நிறுவுகிறோம் என்ற குழப்பமும் தீரும்.

என்பிஎம் கருவியை பவர்ஷெல்லில் கூப்பிட்டால் 'ஸ்கிரிப்ட் ஓட்டுவது தடைசெய்யப்பட்டுள்ளது' என்று சிவப்பில் வரும். கருவி பழுதில்லை, பவர்ஷெல்லின் இயல்பான கட்டுப்பாடு அது. கல்லூரிக் கணினியென்றால் பழைய கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அதே பெயரை அடியுங்கள், ஓடும். சொந்தக் கணினியென்றால் உங்கள் பயனருக்கு மட்டும் ரிமோட்சைன்டு என்று கொள்கையை மாற்றலாம். முழுக் கணினிக்கும் கட்டுப்பாட்டை நீக்கச் சொல்லும் வழி வேண்டாம்.

பாத்தைச் சேர்க்க செட்எக்ஸ் கட்டளையைப் பயன்படுத்தாதீர்கள். 1024 எழுத்துக்கு மேல் இருந்தால் மீதியை வெட்டிவிடும், வெட்டியதைத் திரும்பப் பெற முடியாது. சூழல் மாறிகளுக்கான ஜன்னலைத் திறந்து, மேல் பாதியில் இருக்கும் உங்கள் பயனர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்தபின் டெர்மினலைப் புதிதாகத் திறங்கள். நிரல் எழுதும் செயலிக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் செயலியையே மூடித் திறக்க வேண்டும். பயனர் பெயரில் இடைவெளி இருந்தால் சில கருவிகள் பாதியில் விழும். புதுக் கணினி வாங்குபவர்கள் பெயரை ஒரே சொல்லாக வைத்துக்கொள்வது நல்லது.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு

எந்த வழியிலும் சரியாகாத ஒரு வகையும் உண்டு. ஜிலிப்சி 2.28 கிடைக்கவில்லை என்று வந்தால் பாத்தைப் பார்க்க வேண்டாம். நோட் 18 அந்த நூலகத்தைக் கேட்கிறது, உபுண்டு 18.04-ல் இருப்பது 2.27. இங்கே தேர்வு இரண்டுதான்: நோட் 16-க்கு இறங்குவது, அல்லது இயங்குதளத்தை உயர்த்துவது. அந்த நூலகத்தை மட்டும் தனியாக இறக்கி மாற்றினால் கணினியில் எதுவுமே ஓடாமல் போகலாம். கணினி தாங்கும் என்றால் உயர்த்துங்கள். 32 பிட் கணினியென்றால் அதுவும் கடினம். நோட் 10 முதல் 32 பிட் x86 லினக்ஸுக்கு அதிகாரப்பூர்வ வெளியீடு இல்லை. அந்தக் கணினியில் டெபியன் தரும் தொகுப்புகளோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி. பழைய கணினியை வைத்துப் படிக்கிற பிள்ளையிடம் 'உனக்குச் செய்யத் தெரியவில்லை' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கருவி அந்தக் கணினிக்காகக் கட்டப்படவில்லை, அவ்வளவே.

தங்கை லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தாள். கருவியின் பெயரை அடித்தாள். ஒரு நொடி ஒன்றும் வரவில்லை. பிறகு எண்கள் இறங்கத் தொடங்கின.

வெயிலுக்கு ஒதுங்கித் திண்ணை ஓரம் வந்து உட்கார்ந்த அப்பாயி, "என்னத்தடி எண்ணுற?" என்றார்.

"நீ பாடுனதத்தான் அப்பாயி. பதினாலு பாட்டு."

"நாத்துப் பறிக்கையில பாடுறது சேத்தியா?"

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தாள். "சேக்கல. சொல்லு அப்பாயி."